ராஜகீழ்ப்பாக்கத்துல இருந்து கீழ்ப்பாக்கம் வரைக்கும்

செம்பாக்கத்துல குடியிருக்கறவங்களுக்கு ஒரு தொல்லை உண்டு. யாருக்காவது வழி சொல்லும்போது "ராஜகீழ்ப்பாக்கம் ஸ்டாப்புல இறங்கி..."ன்னு ஆரம்பிச்சா போதும், எதிர்ல இருக்கறவன் முகத்துல ஒரு சிரிப்பு வந்துடும். "என்னாது, கீழ்ப்பாக்கமா? அதான பாத்தேன்!"

போன மாசம் ஆபீஸ்ல சாப்பிடும்போதும் இதே கதைதான். டீமுக்குப் புதுசா வந்த பையன் ஒருத்தன், "ராஜகீழ்ப்பாக்கம்னா அங்க ராஜாவுக்குத் தனி ரூம் கொடுப்பாங்களா பாஸ்?"ன்னு கேட்டான். மொத்த டேபிளும் சிரிச்சுது. ஸ்கூல்ல இருந்து இந்த ஜோக்கைக் கேக்கறேன். எல்லார் கூடவும் சேர்ந்து நானும் சிரிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். அன்னிக்கு மட்டும் சிரிப்பு வரலை. ஏன்னு கடைசியில சொல்றேன்.

சென்னையில எத்தனையோ ஆஸ்பத்திரி இருக்கு. ஒரே ஒரு ஆஸ்பத்திரி இருக்கற ஊரோட பேரு மட்டும் எப்படித் திட்டற வார்த்தை ஆச்சு? இந்தக் கேள்வி மண்டையைக் குடைய, ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த ரெண்டு வாரத்துல தேடித்தேடிப் படிச்சேன். அதைத்தான் இங்க எழுதறேன். பதிவு கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கிட்டு உக்காருங்க.

*

கதை 1794ல ஆரம்பிக்குது. மெட்ராஸ்ல கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேலை பாத்த சர்ஜன் ஒருத்தர், பேரு வாலண்டைன் கொனாலி. புத்தி பேதலிச்சவங்களுக்குன்னு தனியா ஒரு விடுதி வேணும்னு கம்பெனிகிட்ட சொல்லி அனுமதி வாங்கினார். அப்ப 16 பேர் தங்கற அளவுக்கு ஒரு கட்டடம். அவ்வளவுதான். இந்தியாவுல இந்த மாதிரி ஆரம்பிச்ச முதல் சில இடங்கள்ல இதுவும் ஒண்ணு.

இதுல என்னை நிமிந்து உக்கார வெச்ச விஷயம், கம்பெனி இதைச் சொந்தமா நடத்தலை. இடமும் கட்டடமும் கொனாலியோடது. கம்பெனி அவருக்கு வாடகை கொடுக்கும். உள்ள இருக்கற ஆளுங்களுக்குத் தலைக்கு இவ்வளவுன்னு மாசச் செலவும் கொடுக்கும். நம்ம பாஷையில சொன்னா பக்கா அவுட்சோர்சிங். தலைக்கணக்குல பில்லிங் போற ப்ராஜெக்ட்ல தலை குறையணும்னு எந்த வெண்டராவது ஆசைப்படுவானா? ஐடி மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்த இடம் விலைக்குப் போய், கைமாறி, பின்னால ஜேம்ஸ் டால்டன்ங்கற இன்னொரு சர்ஜன்கிட்ட வந்துச்சு. அவர் அதைப் பெருசாக் கட்டினார். ஊர்ல அதுக்குப் பேரே 'டால்டனோட பைத்தியக்கார ஆஸ்பத்திரி'தான். முதலாளி பேர்ல ஆஸ்பத்திரி. அன்னிக்கே!

உள்ளேயும் சாதி உண்டு. வெள்ளைக்காரங்களுக்குத் தனி இடம், தனிச் சாப்பாடு, தனி ரேட்டு. நம்ம ஆளுங்களுக்கு வேற. அதுலயும் வெள்ளைக்காரங்களை ரொம்ப நாள் இங்க வெச்சிருக்க மாட்டாங்க, கப்பல் ஏத்தி லண்டனுக்கு அனுப்பிடுவாங்க. அவங்களுக்காகவே 1818ல இருந்து ஹாக்னியில பெம்ப்ரோக் ஹவுஸ்னு ஒரு விடுதி நடந்துச்சு. அப்புறம் 1870ல ஈலிங்ல 'ராயல் இந்தியா அசைலம்'னு ஒண்ணு வந்துச்சு. நோயாளி மேல இருந்த பாசம் மட்டுமே காரணம்னு எனக்குத் தோணலை. ஆள வந்தவன் புத்தி பேதலிச்சுத் தெருவுல நிக்கறதை ஆளப்படறவன் பாத்துட்டா அப்புறம் மரியாதை என்ன ஆகறது?

*

அதே காலத்துல மத்த ஊர்ல என்ன நடந்துச்சுன்னு பாத்தா இன்னும் வயித்தைக் கலக்குது.

லண்டன்ல பெத்லெம்னு ஒரு மடம். 1247ல ஆரம்பிச்சது. பின்னால மனநோயாளிகளை வெச்சிருக்கற இடமா மாறிடுச்சு. ஊர்க்காரங்க அந்தப் பேரைச் சிதைச்சு 'பெட்லம்'னாங்க. இங்கிலீஷ்ல அந்த வார்த்தைக்கு இப்பவும் ஒரே கூச்சல் குழப்பம்னுதான் அர்த்தம். அவங்க ஊர் கீழ்ப்பாக்கம்!

18ஆம் நூற்றாண்டுல அங்க ஜனங்க காசு போட்டுட்டு உள்ள போய் வேடிக்கை பாப்பாங்களாம். நாம வண்டலூர் போற மாதிரி. லீவு நாள்ல கூட்டம் அலைமோதும். 1770லதான் அந்தக் கூட்டத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தாங்க. 1814ல எட்வர்ட் வேக்ஃபீல்டுங்கறவர் உள்ள போனப்ப நோரிஸ்னு ஒரு அமெரிக்க மாலுமியைப் பாத்தார். கழுத்துல இரும்பு வளையம். அது சுவத்துல இருந்த இரும்புக் கம்பத்தோட சேர்த்து மாட்டியிருக்கு. உடம்பைச் சுத்தி இன்னொரு பட்டை. எழுந்து நிக்கலாம், படுக்கலாம், ரெண்டு அடி நடக்க முடியாது. பத்து வருஷத்துக்கு மேல அப்படியே இருந்திருக்கார். அந்தப் படத்தை வரைஞ்சு ஊரெல்லாம் பரப்பினாங்க. 1815ல பார்லிமெண்ட் கமிட்டி விசாரிச்சுது. ஆனா நோரிஸ் அந்த வருஷமே செத்துப்போயிட்டார்.

நல்லதும் நடந்துச்சு. பாரிஸ்ல பிசேத்ர்னு ஒரு ஆஸ்பத்திரி. அங்க சங்கிலியை உடைச்சவர் டாக்டர் பினேல்னுதான் நிறைய புத்தகத்துல படம் போட்டிருப்பாங்க. உண்மையில 1797ல அங்க சங்கிலியைக் கழட்டினவர் பியூசான்ங்கற கண்காணிப்பாளர். அவரே ஒரு காலத்துல அந்த ஆஸ்பத்திரியில நோயாளியா வந்து சேர்ந்தவர். பினேல் அவர்கிட்டேர்ந்துதான் கத்துக்கிட்டார். (டெவலப்பர் வேலை செய்வான், மேனேஜர் பேர் வாங்குவான். எல்லா ஊர்லயும் அப்படித்தான் போல.) இங்கிலாந்துல யார்க் நகரத்துல 1796ல வில்லியம் டூக்னு ஒரு டீ வியாபாரி, அடி உதை சங்கிலி எதுவும் இல்லாம, தோட்டத்துல வேலை செஞ்சுக்கிட்டு மனுஷனா இருக்க ஒரு வீடு தொடங்கினார்.

1794, 1796, 1797. ஒரே சமயத்துல மூணு ஊர். ரெண்டு ஊர்ல 'இவங்களை எப்படி நடத்தறது'ன்னு யோசிச்சாங்க. நம்ம ஊர்ல 'இவங்களை எங்க வெக்கறது'ன்னு யோசிச்சு டெண்டர் விட்டாங்க.

*

1858ல ஆட்சி கம்பெனி கையில இருந்து ராணி கைக்குப் போச்சு. அந்த வருஷமே பைத்தியக்கார விடுதிகளுக்குன்னு ஒரு சட்டம் வந்துச்சு. அதுல முக்கியமான வேலை யாருக்குத் தெரியுமா? டாக்டருக்கு இல்லை, போலீசுக்கு. புத்தி சரியில்லாம தெருவுல திரியற ஆளை போலீஸ் பிடிச்சு மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். டாக்டர் ஒரு சர்டிபிகேட் கொடுப்பார். மாஜிஸ்திரேட் கையெழுத்து போட்டா உள்ள. திருடனுக்கும் இதே ரூட்டுதான். ஒரே வித்தியாசம், திருடனுக்கு வெளிய வர்ற தேதி தெரியும்.

இந்தச் சட்டத்துக்கு அப்புறம் ஆள் வரத்து கூட, பழைய இடம் பத்தலை. கீழ்ப்பாக்கத்துல 'லோகாக்ஸ் கார்டன்'னு 60 ஏக்கருக்கு மேல இருந்த ஒரு தோட்டத்துல புது அசைலம் கட்டினாங்க. 1871ல 145 பேரோட திறந்தாங்க. அப்ப அது ஊருக்கு ஒதுக்குப்புறம். இன்னிக்கும் அதே இடம்தான். அட்ரஸ் மேடவாக்கம் டேங்க் ரோடு. எங்க வீட்ல இருந்து கிழக்கால போனா வர்றதும் ஒரு மேடவாக்கம். எங்க போனாலும் இந்தப் பேருங்க என்னை விடறதில்லை.

அந்த உயரமான மதில் சுவர் யாருக்காகக் கட்டினது? உள்ள இருக்கறவங்களைக் குணப்படுத்தவா, வெளிய இருக்கறவங்க கண்ணுல படாம வெக்கவா? இதுக்குப் பதில் ஒரு இடத்துல கிடைச்சுது.

1893ல கஞ்சா பத்தி விசாரிக்க பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு கமிஷன் போட்டுச்சு. கஞ்சா அடிச்சா பைத்தியம் பிடிக்கும், ஆஸ்பத்திரிக் கணக்கே அதுக்கு சாட்சின்னு பேச்சு. சரி, அந்தக் கணக்கைத்தான் பாத்துடுவோமேன்னு கமிஷன் ரெஜிஸ்டர்களைத் திறந்துச்சு. அந்த ரெஜிஸ்டர்ல 'பைத்தியத்துக்குக் காரணம்'னு ஒரு காலம் இருக்கு. அதை நிரப்பினது யாரு? ஆளைப் பிடிச்சுக்கிட்டு வந்த போலீஸ்காரர் சொன்னதை குமாஸ்தா எழுதியிருக்கார். காலத்தைக் காலியா விடக்கூடாது. ஆள் யாருன்னே தெரியாது, ஊர் தெரியாது, சொந்தக்காரன் இல்லை. 'கஞ்சா'ன்னு போட்டா வேலை முடிஞ்சுது!

நம்ம வேலையில இதை தினம் பாக்கறோம். ஃபார்ம்ல ஒரு கட்டத்தைக் கட்டாயம் நிரப்பணும்னு வெச்சா, ஜனங்க எதையாவது போட்டுட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிடுவாங்க. அப்புறம் அந்தக் குப்பையை வெச்சு மேனேஜர் சார்ட் போடுவார். கமிஷன் 1892ல இந்தியா முழுக்க அசைலங்கள்ல சேர்ந்த 1,344 பேரோட கேஸை ஒவ்வொண்ணா விசாரிச்சுது. கஞ்சாவோட நியாயமா சம்பந்தப்படுத்த முடிஞ்சது 98. அதாவது 7.3 சதவீதம்.

எனக்கு அந்த 98ஐ விட அந்தக் காலம்தான் மனசுல நிக்குது. ஒருத்தனோட வாழ்க்கையையே பூட்டிப்போடற ரெஜிஸ்டர். அதுல 'ஏன்'ங்கற கேள்விக்கு பதில் வாய்க்கு வந்தது. பதில் யாருக்கும் தேவைப்படலைன்னுதானே அர்த்தம்? தெரு சுத்தமானா போதும்.

*

1920கள்ல போர்டு மாறிச்சு. 'அசைலம்' போய் 'மென்டல் ஹாஸ்பிடல்' வந்துச்சு. கீழ்ப்பாக்கத்துல 1922ல. உள்ள மாற வேண்டியதுதான் பாக்கி.

அந்தக் காலத்து டாக்டர்களை வில்லனாக்கறது சுலபம். அவங்க கையில மருந்தே இல்லைங்கறதையும் சொல்லணும். ஐரோப்பாவுல என்னென்னமோ பண்ணிப் பாத்தாங்க. ஒரு வகை மூளை நோய்க்கு மலேரியா காய்ச்சலை வரவெச்சா குணமாகுதுன்னு சொன்னவருக்கு 1927ல நோபல். மூளையில ஒரு பகுதியோட நரம்பை வெட்டிவிட்டவருக்கு 1949ல நோபல். 1938ல ரோம்ல கரண்ட் ஷாக். அப்ப மயக்க மருந்தெல்லாம் கிடையாது. (இன்னிக்கு ஷாக் கொடுக்கறது மயக்க மருந்தோட. தீவிர மனச்சோர்வுக்கு நல்லாவே வேலை செய்யுது. சினிமாவுல காட்டறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க.)

1946ல போர் கமிட்டி அறிக்கைக்காக ராஞ்சியில இருந்த டாக்டர் மூர் டெய்லர் நாட்டுல இருந்த 19 மனநோய் ஆஸ்பத்திரிகளைப் பத்தி எழுதினார். பெரும்பாலானது காலாவதியானது, ஆளை அடைச்சு வெக்கத்தான் கட்டியிருக்கு, குணப்படுத்தறதுக்கு இல்லைன்னு சொன்னார். சுதந்திரத்துக்கு ஒரு வருஷம் முன்னாடி வெள்ளைக்கார டாக்டரே கொடுத்த வாக்குமூலம்!

அப்புறம் ரெண்டு நல்லது நடந்துச்சு. ஒண்ணு, 1952ல பாரிஸ்ல குளோர்ப்ரோமசின்ங்கற மாத்திரை. காதுல குரல் கேக்கறவங்களுக்கு அந்தக் குரல் அடங்க ஆரம்பிச்சுது. ரெண்டாவது, நம்ம ஊர் சாரதா மேனன். இந்தியாவோட முதல் பெண் மனநல மருத்துவர். 1961ல இருந்து 1978 வரைக்கும் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத் தலைமை. அடைச்சு வெக்கற இடத்தை வைத்தியம் பாக்கற இடமா மாத்தப் போராடினவர்ல முக்கியமானவர். ரிடையர் ஆனப்புறம் 1984ல ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கி, குணமானவங்க வேலைக்குப் போகணும்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தார். 2021 டிசம்பர்ல 98 வயசுல காலமானார். சென்னையில எத்தனை தெருவுக்கு எத்தனை பேர் பேரை வெச்சிருக்கோம். இவங்களைப் பத்தி எனக்கு ரெண்டு வாரம் முன்னாடி வரைக்கும் தெரியாது.

*

இவ்வளவு நேரமும் வெள்ளைக்காரனைத் திட்டினாச்சு. இனிமேதான் கஷ்டமான பகுதி.

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவுக்கு எல்லா மதத்துக்காரங்களும் வர்ற ஊர். அந்த நம்பிக்கையைச் சுத்தி, லைசென்ஸ் இல்லாம நிறைய தனியார் விடுதிகள் முளைச்சிருந்துச்சு. 1987 சட்டப்படி லைசென்ஸ் கட்டாயம். யாரும் கேக்கலை. அதுல ஒரு கூரைக் கொட்டகையில விடிகாலையில தீப்பிடிச்சுது. உள்ள இருந்தவங்க எழுந்து ஓட முடியலை. சங்கிலி. 28 பேர் எரிஞ்சு செத்தாங்க.

சுப்ரீம் கோர்ட் தானாவே வழக்கை எடுத்துச்சு. விடுதிகளை மூடினாங்க. ஐந்நூறுக்கும் மேற்பட்டவங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்துச்சு. அதுல ஒரு பகுதியை எங்க அனுப்பினாங்க? கீழ்ப்பாக்கத்துக்குத்தான். 2007ல அந்த விடுதி நடத்தினவங்களுக்கு 7 வருஷம் ஜெயில் தண்டனை கிடைச்சுது.

ஆனா அந்த 28 பேரை அங்க கொண்டுபோய் விட்டது போலீஸ் இல்லை, மாஜிஸ்திரேட் இல்லை, கொனாலியும் இல்லை. அப்பா, அம்மா, அண்ணன், புருஷன். பஸ் ஏறிக் கூட்டிட்டு வந்து, மாசாமாசம் பணம் அனுப்பினவங்க. ஏன் பக்கத்துல இருக்கற அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலை? எல்லார் காரணமும் எனக்குத் தெரியாது. எங்க வீட்டுக் காரணம் மட்டும் தெரியும்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்க அம்மாவோட தம்பி. பேர் வேண்டாம், மாமான்னே வெச்சுக்கலாம். பி.காம் முடிச்சு ஒரு ஆடிட்டர்கிட்ட வேலை பாத்துக்கிட்டு இருந்தவர். 24 வயசுல யாரோ காதுல பேசறாங்கன்னு ஆரம்பிச்சார். தாத்தா வீட்டுல என்ன பண்ணாங்க? மந்திரிச்சாங்க. தென் மாவட்டத்துல ஒரு கோவில்ல 48 நாள் தங்க வெச்சாங்க. அமாவாசைக்கு முத்திடும்னு பயந்தாங்க. (லூனாடிக்ங்கற வார்த்தையே நிலாவுல இருந்து வந்ததுதான். நிலா மேல பழி போடறதுல உலகம் பூரா ஒத்துமை!) அப்புறம் கொல்லைப்புற ரூம்ல வெச்சுக் கதவை வெளிப்பக்கமாப் பூட்டினாங்க. நாலு வருஷம். சின்னப் பையனா லீவுக்குப் போகும்போது அந்தக் கதவுப் பக்கம் போகக்கூடாதுன்னு எனக்கு ஆர்டர். ஜன்னல் வழியா ஒரு தடவை "டேய், என்ன கிளாஸ் படிக்கற?"ன்னு கேட்டார். நான் பதில் சொல்லாம ஓடிட்டேன்.

ஒருத்தர்கூட ஆஸ்பத்திரின்னு வாயைத் திறக்கலை. காரணம் ஒண்ணே ஒண்ணு. "கீழ்ப்பாக்கம் போனான்னு வெளிய தெரிஞ்சா சின்னவளை யாரு கட்டிப்பா?" சின்னவள்னா என் சித்தி. சித்திக்குக் கல்யாணம் ஆனதுக்கு அடுத்த மாசம் அம்மா போய் அந்தக் கதவைத் திறந்து மாமாவைச் செம்பாக்கம் கூட்டிட்டு வந்தாங்க. தாம்பரத்துல ரயில் ஏறி எக்மோர், அங்கேர்ந்து பஸ், கீழ்ப்பாக்கம் ஓ.பி. பக்கத்து வீட்ல கேட்டா எக்மோர் கண்ணாஸ்பத்திரி. வருஷக்கணக்கா மாசாமாசம் கண்ணாஸ்பத்திரி. "இன்னும் உங்க தம்பிக்குக் கண்ணு சரியாகலையா?"ன்னு அந்த மாமி பாவம் உண்மையான அக்கறையோட கேப்பாங்க.

மாத்திரை ஆரம்பிச்சு ஆறு மாசத்துல மாமா பேப்பர் படிச்சார். ரெண்டு வருஷத்துல வேலைக்குப் போனார். இன்னிக்கு கேம்ப் ரோட்ல ஒரு கடையில கணக்கு எழுதறார். முழுசா சரியாயிடுச்சான்னு கேட்டா, இல்லை. கை லேசா நடுங்கும். மாத்திரை தினமும் போடணும். கல்யாணம் பண்ணிக்கலை. அந்த நாலு வருஷத்தைப் பத்திப் பேச மாட்டார். போன மாசம் அம்மாவுக்கு முட்டி வலின்னு மாத்திரை வாங்க மாமாகூட முதல் தடவையா நான் போனேன். பெரிய பெரிய மரம், நீளமான க்யூ, கையில சீட்டு. மத்த அரசு ஆஸ்பத்திரி மாதிரியேதான் இருக்கு. மூணு மணி நேரத்துல முடிஞ்சுது. வரும்போது மாமா டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த மூணு மணி நேரத்துக்குப் பயந்துதான் நாலு வருஷம் ஒரு மனுஷனைப் பூட்டி வெச்சோம். அதுக்கு அடுத்த நாள்தான் ஆபீஸ்ல அந்த ஜோக்.

*

எங்க ஏரியாவுல இன்னொரு பேரும் இருக்கு. தாம்பரம் சானடோரியம். 1928ல டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காக ஆரம்பிச்ச இடம். அதுவும் அன்னிக்கு ஊருக்கு வெளியதான். காசநோய்னா வீட்டையே ஒதுக்கி வெச்ச காலம் அது. இன்னிக்கு நமக்கு சானடோரியம்னா ரயில்வே ஸ்டேஷன். "சானடோரியத்துல இறங்கி ஆட்டோ பிடிச்சு வா"ன்னு சர்வ சாதாரணமா சொல்றோம், ஒருத்தனும் சிரிக்கறதில்லை. மருந்து வந்துச்சு, குணமாகித் திரும்பினவங்களை ஜனங்க பாத்தாங்க, பயம் போச்சு. மனநோய்க்கும் மருந்து வந்து 70 வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா குணமானவங்களை யாரும் பாக்கறதில்லை. அவங்க எல்லாரும் கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றாங்களே!

2017ல புது மனநலச் சட்டம் வந்து, 2018 மே மாசத்துல அமலுக்கு வந்துச்சு. அதுல யாரையும் எந்த வகையிலயும் சங்கிலியால கட்டக்கூடாதுன்னு இருக்கு. மத்த நோய்க்கு மாதிரியே இதுக்கும் இன்ஷூரன்ஸ் கொடுக்கணும்னு இருக்கு. நல்ல சட்டம். ஆனா ஒரு ஊர் பேரைக் கேட்டுச் சிரிக்கக்கூடாதுன்னு எந்தச் சட்டமும் போட முடியாது. 1871ல கட்டின சுவத்துக்கு இன்னிக்கும் சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டு இருக்கறது அந்தச் சிரிப்புதான். அதுல நான் அடிச்ச சுண்ணாம்பும் இருக்கு.

அன்னிக்கு சாப்பாட்டு டேபிள்ல, "நேத்து எங்க மாமாவைக் கூட்டிட்டு அங்கதான் போயிருந்தேன்"னு சொன்னேன். எல்லாரும் தட்டைப் பாத்து சாப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. சாயங்காலம் கிளம்பும்போது டீம்ல ஒருத்தர் பார்க்கிங் வரைக்கும் கூடவே வந்தார். யாருன்னு சொல்ல மாட்டேன். சுத்திமுத்தி பாத்துட்டு, "அங்க ஓ.பி. எத்தனை மணிக்கு பாஸ்?"ன்னு கேட்டார்.

காலையில சீக்கிரமே போயிடுங்கன்னு சொன்னேன்.

டிஸ்கி: மாமாகிட்ட படிச்சுக் காட்டிட்டுத்தான் இதைப் போடறேன். "பேர் மட்டும் போடாத, மீதியெல்லாம் சரியா இருக்கு"ன்னார். உங்க வீட்டுல யாருக்காவது தேவைப்பட்டா, 14416ன்னு அரசாங்கத்தோட டெலி மானஸ் நம்பர் இருக்கு. தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. பின்னூட்டத்துல கும்மி அடிக்கறவங்க இந்த ஒரு பதிவை மட்டும் விட்டுடுங்க மக்கா.